பிள்ளைக்காக உடைக்கப்படும் பென்ஷன்: தூத்துக்குடிக் கணக்கு

மகளுக்குக் கல்யாணம், மகனுக்கு இன்ஜினியரிங் சீட், மகன் கடை வைக்க முதல். இப்படி ஏதாவது ஒன்று வந்ததும் அப்பா பி.எஃப். பணத்தில் கை வைப்பது தமிழ்நாட்டில் எல்லா ஊர்களிலும் நடப்பதுதான். துறைமுகம், பஞ்சாலை, உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையம் என்று மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த தூத்துக்குடியும் இதற்கு விலக்கல்ல. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு விதியும் படிவமும் இருந்தன. பிள்ளை பெற்றோருக்குத் திருப்பிச் செய்வதற்கோ வெகுகாலம் வழக்கம் மட்டுமே இருந்தது.

பென்ஷன் இல்லாத கடல்

தூத்துக்குடிக்குப் பெயர் வாங்கித் தந்தது முத்து. ஆங்கிலேயர் காலத்துச் சலாபங்களில் எடுத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குப் போகும். அது ஏலத்தில் விற்கப்படும். மீதி ஒரு பங்குதான் குளித்தவர்களுக்கு. சலாபம் எல்லா வருடமும் நடப்பதும் இல்லை. பார்களில் சிப்பி விளையாமல் பல வருடங்கள் சும்மா போனதுண்டு. இந்தக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்தவைதான் கடைசிப் பெரிய சலாபங்கள்.

கல்லைக் கட்டிக்கொண்டு கீழே இறங்குபவரின் உயிர், மேலே படகில் கயிறு பிடிப்பவரின் கையில் இருந்தது. நம்பிக்கையான ஆள்தான் கயிறு பிடிக்க முடியும். குளிப்பவரின் முதுமையும் அப்படித்தான். மூச்சு அடக்க முடியாத வயது வந்தபின் சோறு போட எந்த நிதியும் கிடையாது. பிள்ளைகள்தான் பென்ஷன்.

மில் வேலைக்குப் போனவர்கள் நிலையும் தொடக்கத்தில் பெரிதாக மாறவில்லை. 1908-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தலைமை தாங்கிய கோரல் மில் வேலைநிறுத்தத்தில் கேட்கப்பட்டவை கூலி உயர்வு, வார விடுமுறை போன்றவை. முதுமைக்கால நிதி என்ற பேச்சுக்கு அப்போது இடமே இல்லை.

சேமிப்பு வந்தது, கதவும் வந்தது

1952-ல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. முதலில் 6 தொழில்களுக்கு மட்டும். அதில் பஞ்சாலைத் தொழிலும் ஒன்று. 1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979 ஏப்ரலில் பழைய சிறு துறைமுகமும் அதோடு இணைக்கப்பட்டது. ஸ்பிக், அனல் மின் நிலையம், கனநீர் ஆலை எல்லாம் ஏறக்குறைய அதே பத்தாண்டில் வந்தவை. அப்பா தோணியில் மூட்டை தூக்கியிருக்க, மகன் மாதச் சம்பளம், பிடித்தம், ஓய்வூதியம் என்ற உலகத்துக்குள் நுழைந்தான். உப்பளத் தொழிலாளர்களிலும் மீனவர்களிலும் பெரும்பாலானோர் இதற்கு வெளியேதான் நின்றார்கள்.

பி.எஃப். பணம் முதுமைக்கான பணம். ஆனால் நடுவில் எடுக்கவும் விதி இருந்தது. திட்டத்தின் 68-கே பத்தியின்படி 7 ஆண்டு உறுப்பினராக இருந்தவர், தன் பங்கில் 50 சதவீதம் வரை எடுக்கலாம். எதற்கு? தன் கல்யாணம், மகன், மகள், உடன்பிறந்தோர் கல்யாணம், எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல் பிள்ளைகளின் படிப்பு. படிவம் 31 நிரப்பினால் போதும். திருப்பிக் கட்டத் தேவையில்லை.

ஒரு பக்கம் 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. மறுபக்கம் முதுமைக்கான பணம் கல்யாணச் செலவுக்கு வழிவிட்டது. சட்டத்தை எழுதியவர்களுக்கும் நம் வீட்டு நிலவரம் தெரிந்துதான் இருந்தது.

ஓய்வு பெறும் நாளில் நடக்கும் கணக்கு

அரசு ஓய்வூதியம் வேறு மாதிரி. 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டப்படி அதைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது. வரப்போகும் பென்ஷனை முன்கூட்டியே எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. ஆனால் ஓய்வு பெறும்போது ஒரு பகுதியை மொத்தமாக வாங்கலாம். இதற்கு 'கம்யூட்டேஷன்' என்று பெயர். மத்திய அரசு ஊழியருக்கு முன்பு மூன்றில் ஒரு பங்கு, 1996 முதல் 40 சதவீதம்.

ஒரு உதாரணம். 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அடிப்படைப் பென்ஷன் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் 8,000. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் வந்த அட்டவணைப்படி, 8,000 × 12 × 8.194 = 7,86,624 ரூபாய் கையில் வரும். பதிலுக்கு 15 வருடம் மாதம் 8,000 குறையும். மொத்தம் 14,40,000 ரூபாய். அதாவது சுமார் 9 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியது போல. ஆனால் நடுவில் இறந்துவிட்டால் பாக்கியைக் குடும்பத்திடம் கேட்க மாட்டார்கள். குடும்ப ஓய்வூதியமும் இதனால் குறையாது. எனவே இது மோசமான பேரம் என்று சொல்லிவிட முடியாது.

இந்த 15 வருடம் என்ற வரம்பும் சும்மா வரவில்லை. அதற்கு முன் குறைந்த பென்ஷன் சாகும்வரை குறைந்ததுதான். 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால்தான் 15 ஆண்டுக்குப் பின் முழு பென்ஷன் திரும்பக் கிடைத்தது.

தனியார் தொழிலாளர்களுக்கு இந்த நியாயம் கிடைக்க இன்னும் வெகுகாலம் ஆனது. 1995-ல் வந்த ஈ.பி.எஸ். திட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கலாம். விட்டுக்கொடுக்கும் தொகையைப் போல் 100 மடங்கு கிடைக்கும். 1,500 ரூபாய் பென்ஷன்காரர் 500 ரூபாயை விட்டால் 50,000 ரூபாய். எட்டு வருடம் நாலு மாதத்தில் அந்த அசல் கழிந்துவிடும். ஆனாலும் பிடித்தம் ஆயுள் முழுக்கத் தொடர்ந்தது. 2008 செப்டம்பரில் இந்த வசதியே நீக்கப்பட்டது. அதற்கு முன் வாங்கியவர்களுக்கு 15 ஆண்டுக்குப் பின் முழு பென்ஷன் என்ற உத்தரவு 2020 பிப்ரவரியில்தான் வந்தது. மகள் கல்யாணத்துக்கு 50,000 வாங்கிய மில் தொழிலாளி ஒருவர், அது பேரன் பேத்தி எடுத்த பிறகும் மாதாமாதம் 500 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தார் என்றுதானே இதற்கு அர்த்தம்?

திருப்பிச் செய்ய வேண்டிய கடமை

சரி, பிள்ளைகளுக்குச் சட்டம் என்ன சொன்னது? 1956-ல் வந்த இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் வயதான பெற்றோரைக் காப்பாற்றும் கடமையை எழுதியது. ஆனால் அது இந்துக்களுக்கு மட்டும். கிறிஸ்தவர்கள் நிறைந்த முத்துக்குளித்துறைக்கு அது முழுதாகப் பொருந்தாது. எல்லா மதத்துப் பெற்றோரும் ஜீவனாம்சம் கேட்க வழி வந்தது 1974 ஏப்ரலில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில். தூத்துக்குடி பெரிய துறைமுகம் ஆனதும் அதே வருடம்தான். கல்யாணமான மகளுக்கும் அந்தக் கடமை உண்டு என்று 1987-ல் விஜயா மனோகர் அர்பத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. கோட்டாட்சியரிடமே மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பெறலாம். பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை, அதன்படி நடக்காவிட்டால் 23-ஆம் பிரிவின்கீழ் ரத்து செய்யவும் முடியும். வீடு, நிலம் என்றால் பத்திரம் இருக்கும். கல்யாண மண்டபத்துக்கும் கல்லூரிக்கும் கட்டிய பி.எஃப். பணத்துக்கு எந்தப் பத்திரம் இருக்கிறது? நிபந்தனை எழுதிக்கொண்டு மகளுக்குக் கல்யாணம் செய்யும் தகப்பன் எந்த ஊரில் இருக்கிறான்?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. பிரிட்டனில் 2015 ஏப்ரல் முதல் 55 வயதானவர்கள் தனியார் பென்ஷன் சேமிப்பை விருப்பம் போல் எடுக்க வழி வந்தது. பிள்ளை வீடு வாங்க அதில் கொடுக்கலாமா என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

இங்கே கதவு இன்னும் அகலமாகிறது. 2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் வாரியம், கல்வி, கல்யாணம் இரண்டுக்கும் சேர்த்து 3 முறை என்றிருந்ததைக் கல்விக்கு 10 முறை, கல்யாணத்துக்கு 5 முறை என்று உயர்த்த முடிவெடுத்தது. கூடவே 25 சதவீதத்தைத் தொடாமல் வைக்க வேண்டும் என்ற முடிவும் வந்தது. அந்தக் கால் பங்குதான் முதுமைக்காகப் போட்ட பூட்டு.

கொடுப்பது தவறு என்று இந்த வரலாறு சொல்லவில்லை. அந்தப் பணத்தால்தான் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி உருவானார். ஆனால் அது அப்பாவின் உபரிப் பணம் அல்ல, அவருடைய எழுபதாவது வயதுச் சாப்பாடு. வாங்கிக்கொண்டவர்கள் இப்போது மேலே படகில் நிற்கிறார்கள். கயிறு அவர்கள் கையில்தான் இருக்கிறது.