கோணிப்பையும் பூனையும்

2020 பிப்ரவரி. சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கன்டெய்னரைத் திறந்தார்கள். உள்ளே பொம்மைகள். கூடவே, பொம்மையல்லாத ஒரு ஜீவன். பூனை! உயிரோடு!

கொரோனா பயம் ஊரைப் பிடிக்க ஆரம்பித்திருந்த நேரம். ‘சீனாவுக்கே திருப்பி அனுப்பு’ என்றார்கள் அதிகாரிகள். ‘பூனைக்கும் கொரோனாவுக்கும் என்னய்யா சம்பந்தம்?’ என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தது பீட்டா அமைப்பு. இழுபறி முடிந்து பூனை வெளியே வந்தபோது ஏப்ரல் ஆகியிருந்தது.

கடல் தாண்டி வந்ததே பிழைத்துக்கொண்டது. ஆனால் எங்கள் ஆதம்பாக்கத்துப் பூனை ஒன்றை ஆட்டோவில் வேப்பேரிக்கு அழைத்துப் போய்ப் பாருங்கள். கத்திப்பாரா தாண்டுவதற்குள் எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி அலறும். எச்சில் வடியும். பெட்டியை நனைக்கும். ‘பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்தது போல’ என்று பழமொழி சொன்ன புண்ணியவான், நிஜமாகவே பூனையை மடியில் வைத்துப் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

வேப்பேரி கால்நடைக் கல்லூரி 1903-ல் டாபின் ஹால் என்ற கட்டடத்தில், 20 மாணவர்களோடு ஆரம்பித்தது. அன்றைக்கு அங்கே பூனையைத் தூக்கிக்கொண்டு எத்தனை பேர் போயிருப்பார்கள்? நம் வீடுகளில் பூனையைத் தூக்கிப் போவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. பாலைக் குடித்துவிட்டது, குட்டி போட்டுப் பெருகிவிட்டது, கொண்டுபோய் விடு! கோணிப்பையில் போட்டு, வாயைக் கட்டி, ஏரிக்கு அந்தப் பக்கம் அவிழ்த்துவிட்டு வருவார்கள். ‘மூட்டைக்குள் இருந்தால் வழி தெரியாது’ என்பது பெரியவர்கள் கணக்கு. நாலாம் நாள் காலையில் அடுப்படியில் ‘மியாவ்’ என்று நிற்கும்.

அமெரிக்காவில் ஹெரிக் என்றொரு பேராசிரியர் இதையே ஆராய்ச்சியாகச் செய்து 1922-ல் எழுதினார். குட்டி போட்ட தாய்ப்பூனையை மூடிய வண்டியில் வைத்து, ஒரு மைல், இரண்டு மைல், நாலு மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டார். அது திரும்பி வந்தது. வெளியே எதையும் பார்க்காமல் போன பூனை!

பூனைக்கு மனுஷனைவிட இடம் பெரிசு என்பார்கள். ரொம்பச் சரி. கப்பல் பூனைகளின் கதையைப் பாருங்கள். ட்ரிம் என்ற பூனை 1799-ல் ரிலையன்ஸ் என்ற கப்பலிலேயே பிறந்தது. ஒருமுறை கடலில் விழுந்து, நீந்தி, கயிற்றைப் பிடித்து மேலே ஏறி வந்துவிட்டது. மாத்யூ ஃப்ளிண்டர்ஸ் என்ற மாலுமியோடு ஆஸ்திரேலியாவையே சுற்றியது. புயலென்ன, கப்பல் உடைந்ததென்ன, எதற்கும் அசரவில்லை. கப்பல்தான் அதற்கு வீடு. பிற்பாடு மொரீஷியஸில் பிரெஞ்சுக்காரர்கள் ஃப்ளிண்டர்ஸைச் சிறைப்பிடித்தபோது, ட்ரிம்மை அங்கே ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடம் கொடுத்துவைத்தார். நல்ல வீடு, கொஞ்சுவதற்கு ஒரு சின்னப் பெண். கொஞ்ச நாளிலேயே பூனையைக் காணோம். கடைசிவரை கிடைக்கவில்லை.

உலகத்திலேயே கொடுமையான பெட்டிப் பயணம் ஃபெலிசெட் செய்ததுதான். விண்வெளிக்கு அனுப்ப பிரான்ஸ் 14 பெண் பூனைகளுக்குப் பயிற்சி கொடுத்தது. குறுகலான பெட்டி, காதைப் பிளக்கும் சத்தம், ராட்சத ராட்டினம். இதில் சாதுவாக இருந்த ஃபெலிசெட்டை 1963 அக்டோபர் 18-ந் தேதி அல்ஜீரியாவிலிருந்து ராக்கெட்டில் ஏற்றினார்கள். 150 கிலோமீட்டருக்கு மேலே போய், கால் மணி நேரத்துக்குள் உயிரோடு இறங்கியது. சுமார் இரண்டு மாதம் கழித்து மூளையைச் சோதிப்பதற்காகக் கொன்றுவிட்டார்கள். சிலை வைத்தது 2019-ல். மனுஷ நியாயம்!

பெட்டி என்றாலே பூனைக்குப் பயம் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கூடத்தில் வையுங்கள், அடுத்த நிமிஷம் உள்ளே உட்கார்ந்திருக்கும். நெதர்லாந்தில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்தவை மூன்றாம் நாளே தேறிவிட்டன. ஆக, தானாக நுழைந்தால் அது வீடு. பிடித்துத் திணித்தால் கோணிப்பை.

நாம் செய்வதோ இரண்டாவது ரகம். பெட்டி வருஷம் பூரா பரணில் தூங்கும். டாக்டரிடம் போகிற அன்றைக்குத்தான் தடதடவென்று இறங்கும். அந்தச் சத்தத்துக்கே பூனை கட்டிலுக்கடியில். கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து, கீறல் வாங்கி... ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுவோம். சிறுநீர் அடைத்த ஆண் பூனைக்கு அடுத்த வாரம் கிடையாது சார். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அமெரிக்காவில் 2011-ல் ஒரு கணக்கெடுப்பு. ‘எங்கள் பூனைக்கு டாக்டரிடம் போவதே பிடிக்காது’ என்றவர்கள் 58 சதவிகிதம். இங்கே யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்!

வழி இருக்கிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 22 பூனைகளைப் பாதியாகப் பிரித்தார்கள். 11 பூனைகளுக்கு ஆறு வாரத்தில் 28 தடவை பெட்டிப் பயிற்சி. முதலில் பெட்டியின் கீழ்ப்பாதியில் மட்டும் தீனி. பிறகு மூடியோடு, பிறகு கதவைச் சாத்தி, பிறகு காரில். பழகிய பூனைகள் காரில் அமைதியாக வந்தன. டாக்டருக்கும் வேலை சீக்கிரம் முடிந்தது. பி.காம். படித்தவன் கணக்கில் இது லாபம்தான்: ஒரு தடவைக்குச் சில நிமிஷம், செலவு கொஞ்சம் கருவாடு.

பெட்டியில் அது படுத்துப் புரண்ட பழைய துண்டைப் போடுங்கள். புதுத் துணி வேண்டாம், வாசனைதான் முக்கியம். மேலே இன்னொரு மெல்லிய துணியால் மூடுங்கள், காற்றுக்கு இடம் விட்டு. ஆட்டோவில் பெட்டியைக் கைப்பிடியில் தொங்கவிடாமல், அடியில் கை கொடுத்து மடியில் அணைத்துக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் மத்தியானப் பயணம் ஆகவே ஆகாது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது களைப்பல்ல, ஆபத்து. வயர் கூடை, கட்டைப்பை எல்லாம் வேண்டாம். சிக்னலில் தாவினால் கதை முடிந்தது. மேல்மூடி கழலும் பெட்டியாக வாங்கினால், பூனை கீழ்ப்பாதியில் உட்கார்ந்தபடியே டாக்டர் ஊசி போடுவார். ரொம்பவே மிரளும் பூனைகளுக்கு, கிளம்புவதற்கு முன் கொடுக்கிற மாத்திரைகூட இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும். நம் வீட்டுத் தூக்க மாத்திரையைப் பொடி பண்ணிப் போடுகிற கைவைத்தியம் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் சீறும்; வந்தவன்மேல் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். ஒரு நாள் தனித்தனியாக விடுங்கள். பெட்டியைப் பரணில் ஏற்றாதீர்கள். கூடத்து மூலையிலேயே, துண்டோடு, கதவு திறந்தபடி கிடக்கட்டும்.