பசியாறினாயா? – தோட்டத்துக் காலையுணவின் கதை



அண்மையில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு, ‘நான் விரும்பும் காலையுணவு’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதும் பயிற்சி கொடுத்திருந்தேன். ஏடுகளைத் திருத்தும்போது பெரிய வியப்பேதும் ஏற்படவில்லை. பெரும்பாலோருக்கு நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் பிடித்திருந்தன. சிலர் தோசை, இட்டிலி என்று எழுதியிருந்தனர். மைலோவில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்பதன் சுவையை ஒரு மாணவன் அரைப் பக்கத்திற்கு வருணித்திருந்தான்.

ஒரு மாணவியின் கட்டுரை மட்டும் மூன்றே வரிகளில் முடிந்திருந்தது. “எனக்குத் தோசை பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் இருப்பார். அன்று நாங்கள் பசியாறுவோம்.”

சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வரிகளில் எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. ஆனால், மற்ற ஆறு நாள்களும் என் மனத்தை உறுத்தின. அந்த உறுத்தலே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நம்மிடம் வாழும் ஒரு சொல்

பாடநூலில் ‘காலைச் சிற்றுண்டி’ என்று கற்பிக்கிறோம். ஆனால், மலேசியத் தமிழர் வீடுகளில் புழங்கும் சொல் ‘பசியாறுதல்’ என்பதே. ‘பசியாறிட்டீங்களா?’ என்று கேட்டால், காலையுணவு உண்டாயிற்றா என்று பொருள். மதியமும் இரவும் உண்பது சாப்பாடு. காலையில் உண்பது மட்டும் பசியாறுதல். தமிழகத்தில் தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் செட்டிநாட்டிலும் இதே வழக்கு உண்டு. இம்மண்ணிலோ, சாதி சமய வேறுபாடின்றி எல்லாத் தமிழரும் இச்சொல்லையே ஆள்கின்றனர்.

ஆறுவதற்கு முன்னால் பசி இருந்தாக வேண்டும் அல்லவா? நம் முன்னோர் எத்தனை மணி நேரம் அந்தப் பசியோடு உழைத்தனர் என்பதை அறிந்தால், இச்சொல்லின் எடை நமக்கு விளங்கும்.

மரம் குறித்த நேரம்

1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. 1888இல் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் அத்தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர்.

ரப்பர் மரத்திற்கு ஓர் இயல்பு உண்டு. இரவின் குளிர்ச்சியில் அதன் பட்டையிலுள்ள பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். விடியற்காலையில் சீவினால் பால் தாராளமாக வடியும். வெயில் ஏற ஏற, இலைகள் வழியே நீர் ஆவியாகி, அழுத்தம் குறைந்து, பாலும் குறைந்துவிடும். ஆகவே, தொழிலாளி எப்போது எழ வேண்டும், எப்போது உண்ண வேண்டும் என்பவற்றையெல்லாம் மரமே முடிவு செய்தது!

விடிவதற்கு முன்பே ‘பெரட்டு’ எனப்படும் ஆள்கணக்கெடுப்பு நடைபெறும். தண்டல் பெயர்களைக் கூப்பிடுவார். அதற்கு முன்னால் வயிற்றுக்குள் போவது ஒரு குவளை வரக்கோப்பி மட்டுமே. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாக நிரைக்குப் போனால், தமக்கென ஒதுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான மரங்களையும் சீவி முடிக்கும் வரை ஓய்வில்லை.

கடைசி மரத்தைச் சீவிய பிறகு, பால் மங்குகளில் வடிந்து நிற்பதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவேளைதான் பசியாறும் நேரம். காலை ஒன்பது மணிக்கு மேல், சருகுகளின்மீது அமர்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். பிறகு எழுந்து பாலைச் சேகரித்து, நிறுவைக்குச் சுமந்து செல்வார்கள்.

தூக்குச்சட்டியில் என்ன இருந்தது?

பெரும்பாலும் பழைய சோறுதான். முதல் நாள் இரவு மீந்த சோற்றில் நீரூற்றி வைத்திருப்பார்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழும் பெண்ணுக்கு அடுப்பு மூட்டிச் சமைக்க நேரமில்லை. பழைய சோற்றுக்கு விறகு வேண்டாம். வியர்வை சிந்தும் உடம்புக்கு வேண்டிய நீரும் உப்பும் அதில் சேர்ந்திருந்தன. வெறுஞ்சோற்றை விட நெடுநேரம் கெடாமலும் இருக்கும். அதற்குத் துணையாகச் சின்ன வெங்காயமோ, பச்சை மிளகாயோ, சுட்ட கருவாடோ இருக்கும். காலப்போக்கில் மலாய்க்காரர்களின் நெத்திலிச் சம்பலும் நம் தூக்குச்சட்டிக்குள் இடம்பிடித்தது.

இட்டிலியும் தோசையும் தமிழரின் அன்றாடக் காலையுணவு என்று இன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். உழைக்கும் மக்களைப் பொறுத்தவரை அது முழு உண்மையன்று. அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் மணிக்கணக்கில் ஆட்டிச் செய்யும் பலகாரம் அது. லயத்து வீடுகளில் தீபாவளி, பொங்கல், திருவிழா என்றால்தான் இட்டிலிக் கொப்பரை அடுப்பில் ஏறும். தமிழகச் சிற்றூர்களிலும் ஏழை எளியோரின் நிலை அதுவாகத்தான் இருந்தது.

அந்தப் பழைய சோறும் கிடைக்காத காலம் ஒன்று வந்தது. போருக்கு முந்தைய மலாயா, தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்குமதி செய்து வந்தது. 1942இல் ஜப்பானியர் ஆட்சி வந்ததும் அந்த வரத்து சுருங்கிவிட்டது. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் மரண இரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டனர். எஞ்சியவர்கள் மரவள்ளிக்கிழங்கை நட்டு, காலையும் மாலையும் அதையே அவித்துத் தின்று 1945 வரை உயிர் பிழைத்தனர். என் பாட்டி தம் இறுதிக்காலம் வரை மரவள்ளிக்கிழங்கைத் தொட்டதில்லை. “அத நெறையத் தின்னாச்சு” என்பார். அதற்குமேல் ஒரு சொல்லும் வராது.

மழை பெய்த காலைகள்

என் தாயாரும் பால்மரம் சீவியவர்தாம். 1970களில் நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். நான் கண்விழிக்கும்போது அம்மா நிரைக்குப் போயிருப்பார். தம்பியை ஆயாக்கொட்டாயில் விட்டுவிட்டு, அக்காள் ஊற்றிக் கொடுக்கும் கோப்பியில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். ரொட்டி இல்லாத நாளில் கோப்பி மட்டும்தான்.

ஆனால், மழை பெய்தால் எல்லாம் மாறிவிடும். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்தோடும். மங்கிலும் மழைநீர் புகுந்துவிடும். ஆகவே, மழை நாளில் மரம் வெட்ட மாட்டார்கள். அன்று அம்மா வீட்டில் இருப்பார். கோதுமை மாவைக் கரைத்து வெங்காயம் அரிந்து போட்டுத் தோசை வார்ப்பார். அடுப்பைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொன்றாகச் சுடச்சுட வாங்கித் தின்போம். என் வாழ்வில் நான் உண்டவற்றுள் மிகச் சுவையான காலையுணவு எது என்று கேட்டால், இன்றும் அந்தக் கோதுமைத் தோசையைத்தான் சொல்வேன்.

ஒரு நாள் அந்த மகிழ்ச்சியில், “நாளைக்கும் மழ பெய்யணும்மா” என்று சொல்லிவிட்டேன். அம்மா கரண்டியை நிறுத்தினார்.

“மழ பெஞ்சா இன்னைக்குப் பசியாறலாம். சம்பளத்துக்கு யாருகிட்ட போறது?”

வேலைக்குப் போன நாளுக்குத்தான் கூலி என்பது அப்போது எனக்குத் தெரியாது. நாங்கள் ஒன்றாக அமர்ந்து பசியாறிய ஒவ்வொரு நாளும் அம்மா ஒரு நாள் கூலியை இழந்திருக்கிறார். அதை உணர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

நான் கேட்கத் தவறிய கேள்வி

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி ஏற்படுத்த வேண்டும் என்றது. நம் தோட்டப் பள்ளிகளில் பல அவ்வாறு உருவானவையே. கற்பிக்க ஓர் ஆசிரியரும் அமர ஒரு கொட்டகையும் கிடைத்தன. பிள்ளைகள் உண்டுவிட்டு வந்தார்களா என்பதைச் சட்டம் கேட்கவில்லை. பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தாய் நிரையில் இருந்தாள். அவள் பசியாறும் வேளையில் பிள்ளை வகுப்பறையில் இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன; ரப்பர் அழிந்து செம்பனை வந்தது; பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. நம் மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குக் குடியேறினர். மரம் போய்விட்டது, ஆனால், அது குறித்த நேரம் போகவில்லை. இன்று தாய்மார்கள் விடிவதற்கு முன்பே தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 30 நிமிடம் முன்னோக்கி நகர்த்தப்பட்டது. அதனால் இங்குச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. ஏழரைக்கு வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளை இருட்டிலேயே எழுந்து கிளம்ப வேண்டியிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு உணவு இறங்குமா?

நான் பணியில் சேர்ந்த புதிது. முதல் பாடவேளையிலேயே ஒரு மாணவன் மேசைமீது தலை சாய்த்துக் கிடந்தான். சோம்பல் என்று கருதி, கடிந்துகொண்டு, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். சற்று நேரத்தில் அவன் சுவரோடு சரிந்து அமர்ந்துவிட்டான். ஓடிச்சென்று தூக்கியபோது மெல்லச் சொன்னான்: “பசியாறல டீச்சர். அம்மாவுக்கு நைட் ஷிப்ட்.”

தோட்டத்தில் வெறுங்கோப்பியோடு பள்ளிக்கு ஓடிய நான், அந்த ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டேனே! அன்றைய வெட்கம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

உலகம் போற்றும் காலையுணவு

2024 திசம்பரில் மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் மூன்றும் அதில் பெயர் குறிப்பிடப்பட்டுள்ளன. தேங்காய்ப் பாலில் வெந்த சோறு மலாய்க்காரர்களின் கொடை. மாவை வீசிச் சுடும் ரொட்டியும், தூக்கி ஆற்றும் தேநீரும் தமிழ் முஸ்லிம் கடைகளோடு பிரிக்க முடியாதவை. அதே ரொட்டி சிங்கப்பூரில் ‘பிராட்டா’ ஆகிவிட்டது. பல இனத்தவரும் ஒரே கடையில் ஒன்றாக அமர்ந்து உண்கிறார்கள் என்பதே யுனெஸ்கோ ஏற்றுப் போற்றிய சிறப்பு.

இது நமக்குப் பெருமையே. ஆயினும், அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒரு காலையுணவும் நம் வரலாற்றில் உண்டு. சருகின்மீது அமர்ந்து, பால் வடியும் இடைவேளையில் உண்ட பழைய சோறு அது. அதை உண்டவர்களின் உழைப்பில்தான் இந்நாட்டின் இரயில் பாதைகளும் நகரங்களும் எழுந்தன. நம் பிள்ளைகள் அதையும் அறிந்திருக்க வேண்டாமா?

ஆசிரிய நண்பர்களே! வசதி குறைந்த மாணவர்களுக்கு நம் பள்ளிகளில் கூடுதல் உணவுத் திட்டம் உண்டு. ஆனால், யார் பசியோடு அமர்ந்திருக்கிறார் என்பதைப் பெயர்ப் பட்டியல் மட்டுமே காட்டிவிடாது. வருகைப் பதிவு எடுக்கும்போது, ‘பசியாறினாயா?’ என்றும் கேளுங்கள். பலர் அறியக் கேட்காமல், அருகில் சென்று கேளுங்கள். என் மேசை இழுப்பறையில் இப்போதெல்லாம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குப் பெரிய செலவில்லை.

பெற்றோர்களே! ஐந்து வகைப் பலகாரம் வேண்டியதில்லை. முதல் நாள் இரவே எடுத்து வைத்த இரண்டு இட்டிலியோ, ஒரு வாழைப்பழமும் ஒரு குவளைப் பாலுமோ போதும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், “நீங்கள் சிறு வயதில் என்ன பசியாறினீர்கள்?” என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத வரலாறு அந்த விடையில் இருக்கும்.

மூன்று வரி எழுதிய அந்த மாணவியின் ஏட்டில் நான் மதிப்பெண்ணோடு ஒரு குறிப்பும் எழுதினேன். ‘நாளைக் காலை வகுப்பு தொடங்குமுன் என்னை வந்து பார்.’

மறுநாள் வந்தாள். இருவரும் சேர்ந்தே பசியாறினோம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியை