படமில்லா நினைவு, தாழில்லா வீடு: குப்பம் வட்டாரத்துக்கேற்ற இணையவழிச் செறிவு உளச்சிகிச்சை

1. சிக்கல்

ஆந்திரத்தின் குப்பத்தை அடுத்த காட்டோர ஊரொன்றில், யானை துரத்த ஓடித் தப்பிய உழவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் வயலில் இறங்குவது இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல. இரவில் எங்கோ மரக்கிளை முறிந்தால் அவருக்கு உடல் நடுங்கும். ஆனால் ஏன் நடுங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். கண்முன் அந்த யானை நிற்கும்.

அதே ஊரில், குடித்துவிட்டு வரும் தகப்பனுக்கு அஞ்சியே வளர்ந்த பெண்ணொருவரையும் எண்ணிக்கொள்வோம். இப்போது அவருக்கு நாற்பது வயது. வாசலில் யாரோ செருப்பை உதறும் ஓசை கேட்டதும் நெஞ்சு அடைக்கிறது, நா வறள்கிறது, 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற கூச்சம் உடலெங்கும் பரவுகிறது. கண்முன் எந்தக் காட்சியும் இல்லை. தகப்பன் நினைவுக்கே வருவதில்லை. "ஒண்ணுமில்லாததுக்கு இப்படிப் பயப்படறா" என்கிறது வீடு. அவரும் அதையே நம்புகிறார்.

இந்த இரண்டாவது நிலையே இக்கட்டுரையின் பொருள். உளவியலில் இதை 'உணர்ச்சி மீள்நிகழ்வு' எனலாம். இதற்குச் சில நாள்களுக்குள் அடர்த்தியாகத் தரப்படும் செறிவுச் சிகிச்சை இணையம் வழியாகவும் கிடைக்கத் தொடங்கியுள்ளது. பெருநகர மருத்துவம் எட்டாத ஊர்களுக்கு இது பெரும் வாய்ப்பு என்று பேசப்படுகிறது. வாய்ப்புதான், ஆனால் பேசப்படும் காரணத்துக்காக அல்ல. குப்பம் போன்ற ஓர் ஊருக்கு இணையம் தொலைவைக் குறைப்பதைவிடச் செறிவு நாள்களைக் குறைப்பதே பெரிய உதவி. அந்த உதவி பலிக்க நோயாளியின் வீடு ஏற்ற இடமன்று. வீட்டுக்கு அருகே, தாழிடக்கூடிய ஓர் அறை வேண்டும். இதுவே இங்கு நிறுவ முயலும் கருத்து.

2. காட்சியின்றி வரும் உணர்ச்சி

'உணர்ச்சி மீள்நிகழ்வு' என்ற கருத்தைப் பொதுவாசகரிடம் பரப்பியவர் அமெரிக்க உளச்சிகிச்சையாளர் பீட் வாக்கர். நெடுநாள் வன்முறையால் வரும் 'சிக்கலான மனவடு' பற்றிய அவரது நூல் 2013இல் வந்தது. இதனாலேயே இதைச் சுய உதவி நூல்களின் சொல் என ஒதுக்குவோர் உண்டு. அது சரியல்ல. உளவியலாளர்கள் ஆன்கே ஏலர்ஸும் டேவிட் கிளார்க்கும் 2000இல் முன்வைத்த அறிதல்சார் மாதிரி, நிகழ்ச்சியை நினைவுகூராமலே அதன் உணர்ச்சி மட்டும் எழுவதைத் தனியே குறிப்பிட்டது. ஜூடித் ஹெர்மன் 1992இலேயே, தப்ப முடியாத நெடுநாள் வன்முறை விளைக்கும் மனவடு ஒற்றை விபத்தின் மனவடுவிலிருந்து வேறானது என்று வாதிட்டார். உலக நலவாழ்வு அமைப்பின் ஐ.சி.டி.-11 வகைப்பாடு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அது சிக்கலான மனவடுவுக்கு 6பி41 என்ற தனிக் குறியீடு தந்தது. மீள்அனுபவம் என்பது காட்சியோ தெளிவான நினைவோ இன்றி, அன்றைய உணர்ச்சியில் மூழ்குவதாகவும் அமையலாம் என்று அதன் மருத்துவ விளக்கம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் மனநோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்.-5 சிக்கலான மனவடுவைத் தனி நோயாக ஏற்கவில்லை. ஆகவே இக்கருத்து முடிந்த முடிபல்ல என்றாலும், அடித்தளமற்றதும் அல்ல.

இதில் சிகிச்சைக்கு முதன்மையான செய்தி ஒன்று உண்டு. யானையைக் கண்டவரிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்கலாம். செருப்போசைக்கு ஒடுங்குபவரிடம் அப்படிக் கேட்க முடியாது. அவரிடம் இருப்பது உடலுணர்வும், அதற்கு வாயில் வரும் முதற்சொல்லும்தான்: 'திக்குங்குது', 'குலை நடுங்குது', 'மனசு சுருங்கிப் போச்சு'. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போகவேண்டும். ஆகவே இச்சிகிச்சையில் மொழி என்பது செய்தியைச் சுமக்கும் வண்டி மட்டுமன்று. தேடிச் செல்லும் தடமும் அதுவே.

3. செறிவுக்கு உள்ள சான்று

வாரம் ஒரு மணி நேரம் என்பது உளச்சிகிச்சையின் இயற்கை விதியன்று; மருத்துவரின் நாட்குறிப்புக்கேற்ப அமைந்த வழக்கம். ஏலர்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. 121 பேர் கலந்துகொண்ட அதில், அறிதல் சிகிச்சையை ஏழு நாள்களில் செறிவாகப் பெற்றவர்களில் 73 விழுக்காட்டினரும், மூன்று மாதங்களில் வாராவாரம் பெற்றவர்களில் 77 விழுக்காட்டினரும் மீண்டனர். ஆதரவு உரையாடல் மட்டும் பெற்றவர்களில் இது 43 விழுக்காடு. அதாவது நாள்கள் சுருங்கியதால் பலன் சுருங்கவில்லை.

நெதர்லாந்தின் சைட்ரெக் மையம் இன்னும் கடினமான நோயாளிகளிடம் இதை முயன்றது. இரு வாரங்களில் எட்டு நாள்கள். காலையில் நினைவை நேர்கொள்ளும் சிகிச்சை, பிற்பகலில் கண்ணசைவு வழிச் சிகிச்சையான ஈ.எம்.டி.ஆர்., இடையிடையே உடற்பயிற்சி. 2018இல் வெளியான அவர்களின் அறிக்கையில் 347 பேர் இடம்பெற்றனர். பலர் சிறுவயது வன்முறைக்கு ஆளானவர்கள். இடையில் விலகியவர் மிகச் சிலரே. வாராவாரச் சிகிச்சையில் விலகல்தான் தீராத தலைவலி என்பதை நினைத்தால் இது சிறு செய்தியன்று.

தமிழில் நடந்த முன்மாதிரியும் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குச் சில வாரங்களுக்குள், போராலும் அலையாலும் அடிபட்ட இலங்கை வடகிழக்கின் 31 சிறாருக்கு இரு வாரங்களில் ஆறு அமர்வுகள் தரப்பட்டன. கிளாடியா கட்டானி குழுவினர் 2009இல் இதை வெளியிட்டனர். ஒரு பகுதியினர் தம் வாழ்வைக் கதையாகச் சொல்லி நேர்கொண்டனர். மறுபகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தனர். ஆறு மாதங்களில் முதற்குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 71 விழுக்காட்டினரும் மீண்டனர். சிகிச்சை தந்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். இங்கே எச்சரிக்கையும் தேவை: சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லாததால், காலப்போக்கில் தானே தெளிந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று பிரித்தறிய முடியாது. முறைகளுக்கிடையே பெரிய வேறுபாடும் தெரியவில்லை. எனினும் இரு குழுக்களுக்கும் பொதுவாக இருந்தவை கவனிக்கத்தக்கவை: குறுகிய நாள்கள், அடர்ந்த அமர்வுகள், அருகிருந்த ஒருவர், அவர் பேசிய தமிழ்.

இந்தக் கட்டமைப்பு நம் மக்களுக்கு அயலானதும் அல்ல. திருச்சியை அடுத்த குணசீலத்தில் மனநோயுற்றோர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள்கள், துணையோடு தங்குவது நெடுநாள் வழக்கம். பயந்த பிள்ளையை அடுத்தடுத்த நாள்களில் கூட்டிவரச் சொல்லி மந்திரிப்பதும் உண்டு. அவற்றின் மருத்துவப் பலனை இங்கே வாதிடவில்லை. தொடங்கும் நாளும் முடியும் நாளும் தெரிந்த, வீட்டார் கணக்கு வைத்துக்கொள்ளக்கூடிய சிகிச்சைக்கு மனம் ஒப்புகிறது என்பதையே சுட்டுகிறேன். செவ்வாய்தோறும் ஆறு மாதம் என்றால் குடும்பம் மலைக்கும். 'எட்டு நாள்' என்றால் ஆட்டுக்குப் புல் போட அடுத்த வீட்டில் சொல்லிவிட்டு வரலாம்.

4. திரைக்கு உள்ள சான்று

இணையவழியின் சான்று வேறிடத்திலிருந்து வருகிறது. ஜோனதன் பிசன் குழுவினர் 2022இல் வெளியிட்ட பிரித்தானிய ஆய்வில் 196 பேர் பங்கேற்றனர். வழிகாட்டியோடு கூடிய இணையவழிச் சிகிச்சை, நேருக்கு நேர் தருவதற்குக் குறைந்ததன்று என்று அது காட்டியது. ஆனால் அவர்கள் ஒற்றை நிகழ்ச்சியால் மிதமான பாதிப்பு அடைந்தவர்கள். நம் எடுத்துக்காட்டில் யானையைக் கண்டவர் போன்றவர்கள்.

இங்கேதான் இடைவெளி தெரிகிறது. செறிவின் வலுவான சான்று நேரில் நடந்த சிகிச்சையிலிருந்து வருகிறது. திரையின் வலுவான சான்று ஒற்றை நிகழ்ச்சி மனவடுவிலிருந்து வருகிறது. இணையம், செறிவு, சிக்கலான மனவடு ஆகிய மூன்றும் சேருமிடத்தில், கொரோனாக் காலத்தில் நோயாளிகளின் வீட்டுக்கே திரை வழியாகச் சென்ற நெதர்லாந்து முயற்சி போன்ற சில தொடக்கங்களே உள்ளன. அவை நம்பிக்கை தருகின்றன. ஆனால் அவற்றில் சொல்லாமல் விடப்பட்ட ஒரு முன்நிபந்தனை இருக்கிறது: நோயாளிக்குத் தனியறை உண்டு என்பது.

5. குப்பத்தின் மூன்று எல்லைகள்

குப்பம், ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் இடம். மாவட்டத் தலைநகர் சித்தூரும் நூறு கிலோமீட்டர் வாக்கில், பெங்களூரும் அப்படியே. வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுவோர் பலர். ஆகவே தொலைவு ஒரு தடைதான்; தாண்டவே முடியாத தடையன்று. கூலிக்காகத் தாண்டுகிறார்கள். சிகிச்சைக்காக வாராவாரம் தாண்டினால் அந்த நாள் கூலி போகும் என்பதுதான் சிக்கல். இதைத் தீர்ப்பது செறிவு.

இரண்டாவது எல்லை மொழி. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு, வேலைக்குப் போன இடத்தில் கன்னடம் என வாழ்வோர் இங்கு நிறைய. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய, மைய அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸ் 14416 என்ற எண்ணில், 20 மொழிகளில், பெங்களூரு நிம்ஹான்ஸை முதன்மை மையமாகக் கொண்டு இயங்குகிறது. அழைப்பவர் மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். இது பெரும்பேறு. ஆனால் முதலுதவியும் வழிகாட்டலும்தான் அதன் பணி. எட்டு நாள் செறிவுச் சிகிச்சை அன்று. 2024 அக்டோபரில் அச்சேவையில் காணொளி வசதி சேர்ந்தபோது முதற்கட்டப் பட்டியலில் தமிழ்நாடும் கர்நாடகமும் இருந்தன, ஆந்திரம் இல்லை. அதாவது குப்பத்தின் இரு பக்கத்து அண்டை மாநிலங்களிலும் வந்த வசதி குப்பத்துக்கு அப்போது வரவில்லை. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடந்த 12 மாநிலங்களிலும் ஆந்திரம் இல்லை. பெரும்பாலான மனநோய்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே நிற்கிறார்கள் என்று அக்கணக்கெடுப்பு சொன்னது. குப்பத்தின் நிலையை அதிலிருந்து ஊகிக்கத்தான் முடியும்.

மூன்றாவது எல்லை வீட்டின் சுவர். ஒரே கூடத்தில் மாமியார், பிள்ளைகள், தொலைக்காட்சி. கைப்பேசியும் பல வீடுகளில் பொதுச்சொத்து. 'உணர்ச்சி எங்கிருந்து வருகிறது' என்று ஒரு பெண் தேடிப் போகும் நேரத்தில், அந்த உணர்ச்சியைக் கிளப்பும் ஆளே பக்கத்துத் திண்ணையில் இருக்கலாம். அஞ்சிய இடத்தில் உட்கார்ந்துகொண்டே அச்சத்தைக் கழற்றச் சொல்வது சிகிச்சையாகாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தரங்கத்தை உரிமையாக்கியிருக்கிறது. சட்டம் தரும் உரிமைக்குக் கதவும் தாழும் தரவேண்டியது திட்டம் வகுப்போரின் பொறுப்பு.

6. இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு பாதுகாப்பு பற்றியது. நெடுநாள் வன்முறையில் உருவான மனவடுவைத் தொடுமுன் மனத்தை நிலைப்படுத்தும் கட்டம் வேண்டும், நேரே நினைவுக்குள் இறங்குவது ஆபத்து என்று மரபான வழிகாட்டல்கள் கூறின. ஆட் டி யோங்கும் உடன் ஆய்வாளர்களும் 2016இல், அந்த முன்கட்டம் கட்டாயம் என்பதற்குப் போதிய சான்றில்லை, அது சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது என்று மறுத்தனர். விவாதம் ஓயவில்லை. ஆனால் இருதரப்பும் ஏற்கும் ஒன்றுண்டு: ஒருவர் உணர்ச்சியில் மூழ்கித் தன்நினைவு இழந்தால் அருகில் கைகொடுக்க ஆள் வேண்டும். திரைக்கு அப்பாலிருக்கும் சிகிச்சையாளர் தண்ணீர் எடுத்துத்தர முடியாது.

இரண்டாம் மறுப்பு: குப்பத்திலேயே பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி இருக்க, இணையம் எதற்கு? எந்தப் பொது மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவிலும் ஒரே நோயாளிக்கு நாளுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்குவது அரிது. அதிலும் மனவடுச் சிகிச்சையில் தனிப்பயிற்சியும் தமிழும் சேர்ந்தவர்களை ஒவ்வோர் ஊரிலும் எதிர்பார்க்க முடியாது. திறமை தொலைவிலிருந்து வரட்டும். தாங்கும் கை அருகில் இருக்கட்டும் என்பதே விடை.

7. முன்வைக்கும் வடிவம்

இந்த ஊருக்குத் திரைகளைப் பற்றிப் பழைய அனுபவம் உண்டு. 2002இல் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் ஆந்திர அரசோடு சேர்ந்து 'குப்பம் ஐ-கம்யூனிட்டி'யை மூன்றாண்டுத் திட்டமாகத் தொடங்கியது. ஊர்ப்புறத் தகவல் மையங்கள் வந்தன. சூரிய ஒளியில் இயங்கும் அச்சுப்பொறியோடு புகைப்படம் எடுக்க உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்றனர். வெளியூர்க் கருவியும் உள்ளூர்க் கையும் சந்தித்த இடம் அது. இன்று கருவி எல்லார் பையிலும் இருக்கிறது. நமக்குத் தேவை அந்த மையங்கள் போன்ற சந்திக்கும் இடம்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவக் கல்லூரியிலோ தாழிடக்கூடிய ஓர் அறை. எட்டு நாள், காலையும் மாலையும் அமர்வு. திரையில் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர். அறையில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் துணையாளர் ஒருவர். அவர் சிகிச்சை தருபவர் அல்லர், மூச்சு முட்டும்போது கால் தரையில் பதிய உதவுபவர். நெருக்கடிக்கு அருகிலுள்ள மனநல மருத்துவர். 2020இன் தொலைமருத்துவ வழிகாட்டல்களுக்கேற்ற ஒப்புதலும் பதிவும். எட்டு நாளுக்குப்பின் தொடர்கவனிப்புக்கு 14416 கைகொடுக்கும். நாள்கூலியை ஈடுகட்ட வழியிருந்தால் விலகல் இன்னும் குறையும்.

மொழிக்கு இவ்வூரிலேயே விடை இருக்கிறது. 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் குப்பத்தில்தான் உள்ளது. இவ்வட்டாரத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சம், கூச்சம், மனச்சுருக்கம் ஆகியவற்றுக்கு மக்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்தால், அது மொழியியலாருக்கு ஆய்வேடாகும், சிகிச்சையாளருக்குக் கருவியாகும். 'திக்குங்குது' என்பதும் 'சுருங்கிப் போச்சு' என்பதும் வெவ்வேறு நினைவுகளின் வாயில்கள் என்று திரைக்கு அப்பாலிருப்பவருக்கு அத்தொகுப்பு சொல்லும்.

செருப்போசைக்கு ஒடுங்கிய பெண்ணிடம் திரும்புவோம். அவர் கையில் கைப்பேசி ஏற்கெனவே இருக்கிறது. சிகிச்சை தருவதாகச் சொல்லும் விளம்பரங்களும் அதில் வந்துகொண்டிருக்கும். வாசலில் யார் செருப்பை உதறினாலும் கேட்காத ஓர் அறை எட்டு நாளைக்கு அவருக்குக் கிடைக்குமா என்பதே இவ்வட்டாரத்தில் இணையவழிச் சிகிச்சையை அளக்கவேண்டிய அளவுகோல்.