நோட்டீஸில் பேர் வந்த கதை

2015 டிசம்பர் முதல் வாரம் முடிச்சூரில் இருந்தவங்களுக்கு நான் புதுசா எதுவும் சொல்ல வேண்டாம். அடையாத்துத் தண்ணி ஊருக்குள்ள வந்து, தெருவுல படகு விட்டாங்க. எங்க வீட்டில் ஃப்ரிட்ஜ் போச்சு, பைக் போச்சு. அதெல்லாம் திரும்ப வாங்கியாச்சு. திரும்ப வாங்க முடியாதது ஒண்ணே ஒண்ணுதான், பெரியப்பாவோட தகரப்பெட்டி.

பெரியப்பா ரயில்வேக்காரர், மேற்குத் தாம்பரவாசி. டிசம்பர் வந்தா ஆபீஸ் முடிஞ்சு நேரா வீட்டுக்கு வரமாட்டார். மாம்பலத்துல இறங்கி கச்சேரி, அப்புறம் கடைசி வண்டி. போன இடத்துலெல்லாம் கொடுத்த துண்டு நோட்டீஸை மடிக்காம எடுத்துட்டு வந்து அந்தப் பெட்டியில் போடுவார். தனக்கு முந்தின தலைமுறை நோட்டீஸ்களையும் யார் யாரிடமோ கேட்டு வாங்கி வெச்சிருந்தார். சின்ன வயசுல நான் அதையெல்லாம் எடுத்துப் பாட்டை விட்டுட்டு எழுத்து அளவை மட்டும் பார்ப்பேன். பாடகர் பேர் கொட்டை எழுத்தில். வயலின் அதில் பாதி. மிருதங்கம் அதுக்கும் கீழே. கடம்னா கண்ணாடி வேணும் :-)

'சங்கீதக்காரங்க இப்ப ரொம்பத்தான் விளம்பரம் பண்ணிக்கிறாங்க, அந்தக் காலத்துல இப்படியா'ன்னு அடிக்கடி ஒரு புலம்பல் கேக்கும். அந்தக் காலத்துலயும் இப்படித்தான்!

1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோனுக்குப் பாடினபோது, பாட்டு முடிஞ்சதும் தன் பேரை இங்கிலீஷில் உரக்கச் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியில், ஹானோவரில். அங்க இருக்கறவனுக்கு யார் பாடினதுன்னு தெரியணுமே, அதுக்காகன்னு சொல்வாங்க. காரணம் என்னவோ அதுதான். ஆனா கேட்டவங்க மனசுல நின்னது பாட்டோட சேர்ந்து அந்தப் பேரும்தான்.

நம்ம பக்கம் டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). கிராப்பு, ஷெர்வானின்னு அவர் வந்து நின்ன தோரணையைப் பத்தி இன்னிக்கும் கதை சொல்றாங்க. நாதஸ்வர சக்கரவர்த்தின்னு பேர். 1940-ல் 'காளமேகம்' படத்தில் கதாநாயகனே அவர்தான். 'தற்பெருமை'ன்னு பேசினவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணலை. நாயனக்காரர்னா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கிட்டு, ராத்திரி பூரா நின்னுக்கிட்டே, சாமிக்கு முன்னாடி நடந்துக்கிட்டே வாசிக்கணும்னு இருந்த காலம். வாய்ப்பாட்டு வித்வானுக்கு மட்டும் மேடை, ஜமுக்காளம். எனக்கும் மேடை போடு, உட்கார்ந்துதான் வாசிப்பேன்னு கேட்டவருக்கு அந்த ஷெர்வானி வெறும் ஜம்பம் இல்லீங்க.

இதுக்கு நேர் எதிர் வீணை தனம்மாள். ஜார்ஜ் டவுனில் அவங்க வீட்டிலேயே வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பாங்க. இருமக்கூடப் பயப்படுவாங்களாம் வந்தவங்க. நோட்டீஸாவது ஒண்ணாவது! ஆனா அந்த வெள்ளிக்கிழமைகளில் என்ன வாசிச்சாங்கன்னு இன்னிக்குக் கேக்க, கடைசிக் காலத்துல பதிவான சில இசைத்தட்டுகள்தான் மிச்சம்.

பெரிய கதை எம்.எஸ். சுப்புலட்சுமியோடது. 1936-ல் மதராஸுக்கு வந்தவருக்கு அந்த வருஷமே அறிமுகமானவர் சதாசிவம். ஆனந்த விகடனில் விளம்பரத்தைப் பார்த்துக்கிட்டவர்! சரக்கை எப்படி ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்னு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1938-ல் 'சேவாசதனம்', 1940-ல் ஜி.என்.பி.யோட 'சகுந்தலை', அதே வருஷம் கல்யாணம். 1941-ல் 'கல்கி' பத்திரிகைக்கு முதல் சேர்க்கறதுக்காக 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். நாரதர் வேஷம் போட்டார். பாட்டு பத்திரிகையைத் தூக்கிவிட்டது, அப்புறம் பத்திரிகை பாட்டைத் தூக்கிப்பிடித்தது. 1944-ல் கஸ்தூரிபா நினைவு நிதிக்கு அஞ்சு கச்சேரி. 'மீரா' தமிழில் 1945, இந்தியில் 1947. இந்திப் படத்தில் சரோஜினி நாயுடுவே வந்து அறிமுகம் செஞ்சுவைச்சார். 1966-ல் ஐ.நா. சபை.

இதில் பொய் எதுவும் இல்லை. குரல் நிஜம், நிதி கொடுத்ததும் நிஜம். ஆனா தேவதாசிக் குடும்பத்துல பிறந்து, மதுரை சண்முகவடிவு வீணை வாசிக்கக் கேட்டு வளர்ந்த பொண்ணு, போட்டோக்களில் கொஞ்சம் கொஞ்சமா வேற ஆளா மாறிட்டாங்க. பட்டுப்புடவை, வைர மூக்குத்தி, பக்தி ததும்பும் முகம். அந்த முகம்தான் நம்ம எல்லார் வீட்டுக்கும் வந்தது. எங்க வீட்டுலயும் விடிகாலைல சுப்ரபாதம் போடும்போது அந்த முகம்தான் ஞாபகம் வரும்.

இன்னொரு போட்டோ இருக்கு. 1937-ல் எம்.எஸ்.ஸும் பாலசரஸ்வதியும் வீட்டுக்குத் தெரியாம ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கிட்டது. பைஜாமா, கையில் சிகரெட், ஒரு குறும்பு. இது எந்த நோட்டீஸிலும் வரலை, வந்திருக்கவும் முடியாது. பாலசரஸ்வதியின் மருமகன் டக்ளஸ் நைட் 2010-ல் எழுதின புத்தகம் வந்த பிறகுதான் பரவலாத் தெரிஞ்சது. எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் என்னமோ மாதிரி ஆயிடுச்சு. அம்பது அறுபது வருஷம் நாம பார்த்தது சதாசிவம் காட்டின எம்.எஸ்.ஸைத்தானா?

இப்ப டிசம்பர்ல வாட்ஸப்பில் தினம் பத்து போஸ்டர் வருது. பாடகர் சிரிக்கிறார், பின்னாடி தம்புரா, ஓரத்தில் ஜவுளிக்கடை. மறுநாள் அழிச்சிடறேன். நேத்து ஒண்ணை அழிக்கப் போய், பெரியப்பா ஞாபகம் வந்து நிறுத்தினேன். முதல் கச்சேரி பண்ற சின்னப் பையன். மிருதங்கக்காரர் பேரும் அதே அளவு எழுத்தில் இருந்தது.

வெள்ளம் வடிஞ்சு பெட்டியைத் திறந்தப்போ உள்ளே கூழ்தான். மொட்டைமாடியில் பிரிச்சுக் காய வெச்சதில் ஏழெட்டுதான் தேறிச்சு. ஒண்ணுல மேல் பாதி கரைஞ்சு, பாடினது யாருன்னே தெரியலை. கீழே கடம் வாசிச்சவர் பேரும், டிக்கெட் விலையும், அச்சகத்தோட பேரும் மட்டும் அப்படியே இருக்கு.

உங்க வீட்டுப் பரணில் இந்த மாதிரி ஏதாவது கிடந்தா ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. எனக்கும் ஒண்ணு அனுப்பினா சந்தோஷம்.