ஹாத்தோர்ன் ஆலையும் ஒரு எக்செல் தாளும்

போன மாதம் எங்கள் கிளைக்கு மேலிடத்திலிருந்து ஒரு எக்செல் தாள் வந்தது. அலுவலக சாட்டில் யார் எத்தனை செய்தி போட்டார், வந்ததை எத்தனை நிமிடத்தில் திறந்தார், எத்தனை ஆன்லைன் மீட்டிங்கில் தலைகாட்டினார் என்று ஆளுக்கு ஒரு வரி. என்ன எழுதினார் என்பது மட்டும் கிடையாது. இதைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள். கடிதத்தைப் பிரிக்காமல் உறைமேல் உள்ள தபால் முத்திரையை மட்டும் படிக்கிற மாதிரி.

கடைசி வரியில் இருந்தவர் எங்கள் பென்ஷன் கவுன்ட்டர்காரர். நான் நாக்பூருக்கு மாற்றலாகி வந்த இத்தனை வருடத்தில் அவர் கவுன்ட்டரில் யாரும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நவம்பரில் லைஃப் சர்ட்டிபிகேட் கொடுக்க வரும் பெரியவர்களுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒவ்வொருவராக முடித்து அனுப்புவார். செல்போனை மேஜை டிராயரில் போட்டுவிடுவார். அதுதான் குற்றம்! அந்தத் தாளையும் பார்த்து அவருக்கு வருடாந்திர மதிப்பெண் போடும்படி எனக்கு உத்தரவு.

பேனாவை எடுத்தபோது பி.காம். மேனேஜ்மென்ட் பாடம் ஞாபகம் வந்தது. ஹாத்தோர்ன் சோதனை, பத்து மார்க் கேள்வி. வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது. ஆகவே கவனிக்கப்படும் மனிதன் நன்றாக வேலை செய்வான். எழுதி, மார்க் வாங்கி, மறந்தாயிற்று. பிற்பாடு விரிவாகப் படித்தபோதுதான் நோட்ஸில் விட்டுப்போனதே முக்கியமான கதை என்று தெரிந்தது.

சிகாகோ பக்கத்தில் சிசரோ என்ற ஊர். அங்கே தொலைபேசிக் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாத்தோர்ன் ஆலை. வெளிச்ச சோதனை தொடங்கியது 1924-ல். பிறகு 1927-ல் ஐந்து இளம்பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து ரிலே பூட்டச் சொன்னார்கள். முடித்த ரிலேயை ஒரு சரிவில் போட்டால், ஓடிக்கொண்டிருக்கும் காகித நாடாவில் தானாக ஒரு துளை விழும். யார், எப்போது, எத்தனை, எல்லாம் பதிவு. இன்றைய எக்செல் தாளுக்கு அந்த நாடாவைப் பாட்டி என்றே சொல்லலாம். பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து அவர்கள் பேச்சையும் குறித்துக்கொண்டார்.

ஓய்வு இடைவேளை தந்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள், உற்பத்தி ஏறியது. நோட்ஸில் இல்லாதது என்னவென்றால், 1928 தொடக்கத்தில் ஐவரில் இருவரை, அதிகம் பேசுகிறார்கள் என்று மாற்றிவிட்டார்கள். கூலிக் கணக்கையும் அந்தச் சிறு குழுவுக்கென்று தனியாக்கியிருந்தார்கள். உற்பத்தி ஏறியது கவனிப்பாலா, காசாலா, பயத்தாலா? நாடாவில் துளைதான் இருந்தது, காரணம் இல்லை.

இதைவிட சுவாரஸ்யமானது 1931 நவம்பரில் தொடங்கிய 'பேங்க் வயரிங்' அறை. (நம்ம பேங்க் இல்லை! டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்பு முனைகளின் அடுக்குக்கு அந்தப் பெயர். முதலில் படித்தபோது நானும் ஏமாந்தேன் :-)) பதினான்கு ஆண்கள். கம்பெனியின் இலக்கு ஒரு நாளைக்கு 7,312 இணைப்புகள். இவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட அளவோ 6,000 முதல் 6,600 வரை. அதற்குமேல் செய்பவனுக்குப் புஜத்தில் ஒரு குத்து. ரொம்பக் குறைத்தாலும் வசவுதான். ஒரு நாள் கூடுதலாகச் செய்ததைச் சொல்லாமல் வைத்திருந்து மந்தமான நாளில் கணக்கு கொடுப்பார்கள். ஆக, பேரேட்டில் தினமும் ஒரே சீரான எண்.

ஆராய்ச்சியாளர்கள் யார் யாருக்கு உதவுகிறார், யார் யாரோடு விளையாடுகிறார், யாருக்கும் யாருக்கும் ஆகாது என்றுகூட வரைந்து வைத்தார்கள். அறையிலேயே குறைவாக உற்பத்தி செய்தவர் புத்திக்கூர்மைத் தேர்வில் முதலிடம்! எண்ணிக்கை காட்டியது அவர் திறமையை அல்ல, கூட்டத்தில் அவர் இருந்த இடத்தை. 1932 மே மாதம், மந்தநிலையில் வேலையே குறைந்து, அந்த அறை மூடப்பட்டது.

நாடா போய் கணினி வந்தது. 2020 நவம்பரில் மைக்ரோசாப்ட் 'புரொடக்டிவிட்டி ஸ்கோர்' என்று ஒன்றை எல்லாருக்கும் திறந்துவிட்டது. 28 நாளில் எத்தனை நாள் மெயில் அனுப்பினார், எத்தனை நாள் சாட் செய்தார் என்று ஊழியர் பெயரோடு முதலாளி பார்க்கலாம். இது வேவு பார்ப்பது என்று எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 1-ம் தேதி, தனிநபர் பெயர்களை எடுத்துவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது.

எங்கள் தாளில் பெயர்கள் இருக்கின்றன. அது வந்ததிலிருந்து கிளை குரூப்பில் காலை 9.55-க்கே கட்டைவிரல் மழை. 'நோட்டட் சார்', 'ஷ்யூர் சார்', ரோஜாப்பூ. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எதிரே கடன் விண்ணப்பத்தோடு ஒருவர் காத்திருக்க, நானும் இரண்டு கட்டைவிரல் போட்டேன். அந்தப் பதினான்கு பேர் 6,600-ல் நிறுத்தினார்கள். நாங்கள் ஏற்றிக் காட்டுகிறோம். இரண்டிலும் பேரேடு பொய்தான்.

பென்ஷன் கவுன்ட்டர்காரருக்கு நான் எப்போதும் போடும் மதிப்பெண்ணையே போட்டேன். குறிப்புப் பகுதியில், "இவருடைய வேலை சாட்டில் நடப்பதில்லை, கவுன்ட்டரில் நடக்கிறது. ஒரு நாள் நேரில் வந்து பார்க்கவும்" என்று எழுதி அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.

நேற்று மதியம் அவர் என்னிடம் வந்து ஹிந்தியில் மெதுவாகக் கேட்டார்: "சார், அந்தக் கட்டைவிரலை எப்படிப் போடுவது என்று கொஞ்சம் சொல்லித் தருகிறீர்களா?"

கவுன்ட்டரில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். "அப்புறம் பார்க்கலாம், போங்க" என்று அனுப்பிவிட்டேன்.