கண்டிப் போரில் மலாயச் சிப்பாய்கள்: விருப்பம் எது, கட்டாயம் எது?

கண்டி நகருக்கு வடக்கே மகாவலி கங்கையை ஒட்டி வட்டபுலுவ என்று ஓர் இடம். மேஜர் டேவியின் பெயரால் அங்கே ஒரு நினைவுக்கல் உண்டு. 'டேவி மரம்' என்று ஊர் சொல்லிவந்த மரம் இப்போது இல்லை. 1803 ஜூன் 26 அன்று, சரணடைந்த வெள்ளைச் சிப்பாய்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். ஆங்கிலேயர் எழுதிய நூல்களில் இது பெருந்துயரமாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் டேவியின் படையில் வெள்ளையரைவிட மலாயர்களே பல மடங்கு அதிகம். அவர்கள் கலிமா சொன்னவர்கள், நம்முடைய கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள். அன்று அவர்களுக்கு என்ன நடந்தது என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

மலாயர் படையைப் பற்றி நம் மேடைகளில் பேசினால் பெரும்பாலும் ஒரே தோரணைதான். 'எங்கள் முன்னோர் தாமாக முன்வந்து இரத்தம் சிந்தினார்கள்' என்பார்கள். அந்தத் 'தாமாக' என்ற சொல்லைத்தான் இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

மலாயச் சிப்பாய்களை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள் ஒல்லாந்தர். மலாயர் என்று நாம் ஒரே பெயரில் அழைத்தாலும், ஜாவா, மதுரா, பாலி, அம்போன், மக்காசார் என்று பல தீவுகளையும் பல மொழிகளையும் சேர்ந்தவர்கள் அவர்கள். (இந்த மதுரா தமிழ்நாட்டு மதுரை அல்ல, ஜாவாவுக்குப் பக்கத்துத் தீவு.) சம்பளத்துக்குப் பதிந்தவர்கள் இருந்தார்கள். ஒல்லாந்தக் கொம்பனியோடு உடன்பட்டிருந்த தீவு அரசர்கள் கொடுத்த ஆட்கள் இருந்தார்கள். தண்டனை பெற்று நாடு கடத்தப்பட்டவர்களும், அடிமைகளாக வந்தவர்களும், அரசியல் காரணத்தால் இங்கே அனுப்பப்பட்ட அரச குடும்பத்தாரும் இருந்தார்கள். ஒரே அணியில் நின்ற இத்தனை பேரில் எவன் விரும்பி வந்தான், எவன் தள்ளிக்கொண்டு வரப்பட்டான் என்று உடுப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

1796 பெப்ரவரியில் கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போனது. சரணடைவு ஒப்பந்தத்தில் மலாயர்களைப் பற்றியும் ஒரு வாசகம் இருந்தது. மனைவி மக்களோடு அவர்களைத் தூத்துக்குடிக்கும், அங்கிருந்து தரங்கம்பாடிக்கும் அனுப்பி, கடைசியில் ஜாவாவில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதாவது அவர்களுடைய போர் முடிந்துவிட்டது, ஊருக்குப் போகலாம் என்று கடதாசியில் எழுதியாகிவிட்டது.

நடந்தது வேறு. பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. ஆங்கிலேயரின் சேவையில் தொடர்ந்தார்கள். ஆளுநர் பிரெடெரிக் நோர்த் காலத்தில் மலாயர் படை ஒழுங்காக அமைக்கப்பட்டு, பிரித்தானிய மன்னரின் படைகளில் ஒன்றாகவும் ஆனது. பழைய எஜமான் தோற்றதும் புதிய எஜமானிடம் பெயர் பதிந்து, அந்நிய நாட்டில் சேவைக் காலத்தை நீட்டிக்கொண்டார்கள் என்று இதை எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் ஜாவா அப்போது ஒல்லாந்தர் கையில். ஒல்லாந்தருக்கும் ஆங்கிலேயருக்கும் போர். கப்பல் யாருடையது? கூலி யார் தருவது? கைக்குழந்தையோடு கொழும்பில் நின்ற ஒரு சிப்பாய்க்குத் துவக்குத் தூக்கத்தான் தெரியும். அவன் முன்னால் திறந்திருந்த கதவு ஒன்றே ஒன்று. அந்தக் கதவால் நுழைந்தவனை 'விரும்பி வந்தவன்' என்பது சரியா?

இந்தக் கேள்வி அந்தக் காலத்தோடு முடிந்துபோனதல்ல. இரண்டாம் உலகப் போரில், 1940இல், கனடா ஒரு சட்டம் கொண்டுவந்தது. கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களை உள்நாட்டுப் பாதுகாப்புக்கு மட்டுமே பயன்படுத்தலாம். கடல் கடந்து போவதென்றால் அவர்களே சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். முகாம்களில் அவர்களை வற்புறுத்தினார்கள், கேலி செய்தார்கள், 'நடைப்பிணங்கள்' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். பலர் கையெழுத்திட்டார்கள். மறுத்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1944 நவம்பரில் ஐரோப்பியப் போர்முனையில் ஆள் பற்றாமல் போனபோது, அவர்களில் 16,000 பேரைச் சம்மதமில்லாமலே அனுப்ப அரசு முடிவெடுத்தது. நாடாளுமன்றமும் நிருபர்களும் வாக்குரிமையும் இருந்த நாட்டிலேயே 'சம்மதம்' என்ற சொல்லின் கதி இதுவென்றால், 1796இன் மலாயச் சிப்பாயின் சம்மதம் எவ்வளவு தாங்கும்?

இனிக் கண்டிக்கு வருவோம். 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்து, முத்துசாமி என்பவரை அரசராக அமர்த்தினார்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மலைக்காடுகளுக்குள் விலகிக்கொண்டார். பெரும்படை திரும்பிப் போய்விட்டது. நகரில் விட்டுச் சென்ற காவல்படை டேவியின் பொறுப்பில் வந்தது. மழையும் காய்ச்சலும் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்து அந்தப் படையைத் தின்றன. ஜூன் மாதத்தில் வெள்ளைச் சிப்பாய்களில் பெரும்பகுதியினர் படுத்த படுக்கை. பசி தாங்காமலும், அரசர் தரப்பிலிருந்து வந்த வாக்குறுதிகளைக் கேட்டும் மலாயர் சிலர் ஏற்கனவே அந்தப் பக்கம் போயிருந்தார்கள்.

அந்தப் பக்கம் போவது அவர்களுக்குப் புதுசும் அல்ல. கண்டி அரசர்களிடம் நெடுநாளாகவே ஒரு மலாயர் அணி இருந்தது. ஒல்லாந்தர் படையிலிருந்து தப்பி ஓடியவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும்தான் அதில் இருந்தார்கள். 1803இல் அதன் தலைவர் சங்குங்லோ. டேவியின் படையில் கப்டனாக இருந்தவர் நூருத்தீன். இருவரும் சகோதரர்கள். மக்காசார்ப் பகுதியின் கோவா அரசிலிருந்து (இந்தியாவின் கோவா அல்ல) 1767இல் ஒல்லாந்தரால் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட சுல்தானின் பிள்ளைகள். தந்தை கைதியாக வந்து இந்த மண்ணிலேயே இறந்தார். பிள்ளைகளில் ஒருவர் கண்டி அரசரின் வாளைப் பிடித்தார், மற்றவர் ஆங்கிலேயரின் வாளைப் பிடித்தார்.

ஜூன் 24 அதிகாலையில் கண்டிப் படை தாக்கியது. அந்தச் சண்டையில் சங்குங்லோ கொல்லப்பட்டார். அன்றே டேவி சரணடைந்தார். ஆயுதங்களோடு திருகோணமலைக்குப் போகலாம் என்ற உடன்பாட்டில் வெளியேறினார்கள். வட்டபுலுவவில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியது. கடக்கத் தோணி இல்லை. முத்துசாமியைக் கொடு என்றார்கள், கொடுத்தார் டேவி. ஆயுதத்தை வை என்றார்கள், வைத்தாயிற்று. பிறகு வெள்ளையர்களைத் தனியே பிரித்துக் கொண்டுபோய் வெட்டினார்கள். தப்பி வந்து செய்தி சொன்னவர் பார்ன்ஸ்லி என்ற ஒரு கோப்ரல்.

மலாயர்களிடம் ஒரு கேள்வி வைக்கப்பட்டது: அரசரின் சேவையில் சேருகிறாயா? பெரும்பாலோர் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகும் கண்டிக்காகச் சண்டையிட்டார்கள். பதிவேட்டில் இவர்களும் 'சேர்ந்தவர்கள்'தான். எதிரே ஆறு, பின்னால் வாள், பக்கத்தில் இப்போதுதான் வெட்டப்பட்டவர்களின் உடல்கள். அந்த நேரத்தில் 'ஓம்' என்று சொன்னவனைத் துரோகி என்று எழுத என் பேனா எழும்பாது.

நூருத்தீன் மட்டும் வேறு பதில் சொன்னார். அவரையும் இன்னொரு சகோதரரையும் அரசர் முன் நிறுத்தியபோது அவர்கள் விழுந்து வணங்கவில்லை. இறந்துபோன சங்குங்லோவின் இடத்தில் மலாயர் அணிக்குத் தலைமை தருவதாக அரசர் அழைத்தும், ஆங்கிலேய மன்னருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்று மறுத்துவிட்டார்கள். சிறையில் வைத்து மறுபடியும் கேட்டார்கள். பதில் மாறவில்லை. இருவரும் கொல்லப்பட்டார்கள், உடல்கள் அடக்கம் செய்யப்படாமல் காட்டில் போடப்பட்டன என்று கோர்டினர் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1807இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். ஜனாஸாவுக்கு மண் மறுக்கப்படுவது என்றால் என்னவென்று 2020இலும் 2021இலும் இந்த நாட்டில் நாமும் அறிந்துகொண்டோம். அதனால் அந்த வரியைச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை.

இந்தப் பாடத்தை வகுப்பில் சொன்னபோது சாதாரண தர மாணவன் ஒருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், அவங்க எங்கட ஆக்களா, வெள்ளக்காரன்ட ஆக்களா?" நல்ல கேள்வி. நம் பெரியவர்கள் கேட்க மறக்கும் கேள்வி. சுதந்திர தின மேடையில் நூருத்தீனைத் தியாகி என்று சொன்னால், அவர் உயிர் கொடுத்தது கண்டியைப் பிடிக்க வந்தவர்களுக்கு. சங்குங்லோவைச் சொன்னால், அவர் வாள் கண்டி அரசருக்கு. அவருடைய தம்பியர் எதிர்ப்பக்கம். ஒரே தகப்பனின் பிள்ளைகளில் யாரைக் காட்டி நம் நாட்டுப்பற்றுக்குச் சான்றிதழ் வாங்குவது?

நூருத்தீனின் உறுதி மெய்யானது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதை நமக்குச் சொன்னவர்கள் ஆங்கிலேயர். தமக்காகச் செத்த ஒருவரின் பேச்சை அவர்கள் விரிவாக எழுதிவைத்தார்கள். 'ஓம்' என்று சொன்ன நூற்றுக்கணக்கானவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எழுத யாருக்கும் அக்கறை இருக்கவில்லை.

அந்தக் குடும்பத்தின் சொந்தக் குரல் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாடு கடத்தப்பட்ட சுல்தானின் மனைவி சித்தி ஹபீபா 1807 ஜனவரியில் கொழும்பிலிருந்து பத்தாவியாவிலிருந்த ஒல்லாந்த ஆளுநர் நாயகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மலாய் மொழி, அரபு எழுத்து. நம் அரபுத் தமிழைப் போலத்தான். கடிதம் இன்று லைடன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் வீரப் பெருமை இல்லை. தம் குடும்பம் இலங்கையில் படும் துன்பத்தைச் சொல்லி இரக்கம் கேட்கும் ஒரு விதவையின் குரல்தான் இருக்கிறது. இரண்டு அரசுகளுக்கும் பிள்ளைகளைக் கொடுத்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் கைகொடுக்கவில்லை.

பிந்திய கதை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மலாயர் படை பிறகு 'இலங்கை ரைபிள் படைப்பிரிவு' ஆயிற்று. 1818 ஊவா வெல்லஸ்ஸ எழுச்சியை அடக்கவும் மலாயர்கள் அனுப்பப்பட்டார்கள். 1847 முதல் சில ஆண்டுகள் ஹொங்கொங்கில்கூடக் காவல் நின்றார்கள். சிப்பாயின் மகனைச் சின்ன வயசிலேயே அரைச் சம்பளத்துக்குப் பதியும் வழக்கமும் இருந்தது. பாளையத்தில் பிறந்தவனுக்குப் பாளையமே தொழில். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை மாறியது. தோட்டங்களிலும் பொலிஸிலும் வேறு வேலைகள் வந்தன. மலாய இளைஞர்கள் படைக்குப் பெயர் கொடுப்பது குறைந்துகொண்டே போனது. 1856–57இல் கப்டன் ட்ரான்செல் என்பவரைச் சிங்கப்பூர், லபுவான் பக்கமெல்லாம் ஆள் சேர்க்க அனுப்பினார்கள். பெருஞ்செலவு செய்து அவர் கூட்டிவந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரையே. 1873இல் படைப்பிரிவே கலைக்கப்பட்டது.

இதில் என் கேள்விக்கு விடை இருக்கிறது. வேறு கதவு திறந்ததும் மலாயர்கள் அதன் வழியே வெளியே வந்தார்கள். 'போர்க்குணம் கொண்ட இனம்' என்று ஆங்கிலேயர் குத்திய முத்திரை உண்மையானால் இப்படி நடந்திருக்காது. அவர்கள் பிறவிச் சிப்பாய்கள் அல்ல. சிப்பாய் வேலையைத் தவிர வேறொன்றும் தரப்படாதவர்கள். வேறு வழி கிடைத்தபோது எழுத்தராக, பொலிஸ்காரராக, ஆசிரியராக ஆனார்கள். கொழும்பில் 1869இல் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையையும் நடத்தினார்கள்.

கலாநிதி பி. ஏ. ஹுஸைன்மியா இந்தப் படைப்பிரிவின் வரலாற்றை 1990இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். அதற்கு ஈடாகத் தமிழில் நாம் ஒரு பாடமாவது எழுத வேண்டும். கண்டி இராச்சியத்து முஸ்லிம்கள் மடிகே பத்தவில் தவளம் ஓட்டி இராஜகாரியம் செய்ததை நம் பாடங்கள் சொல்கின்றன. அதே காலத்தில் அதே மலைப்பாதைகளில் வேறொரு முஸ்லிம் கூட்டம் துவக்குச் சுமந்து நடந்ததையும் பக்கத்திலேயே எழுதலாம். அவரவர்க்கு எது கட்டளை, எது விருப்பம் என்று பிள்ளைகளே பிரித்துப் பார்க்கட்டும்.

ஒரு சமூகத்தைப் பார்த்து 'நீ இந்த நாட்டுக்கு என்ன கொடுத்தாய்?' என்று கேட்கப்படும்போதெல்லாம், இறந்த சிப்பாய்களை எழுப்பிக்கொண்டுவந்து சாட்சி சொல்லவைப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. வட்டபுலுவ ஆற்றங்கரையில் நின்றவர்களிடம் அந்தச் சாட்சியைக் கேட்பது அவர்களுக்குச் செய்யும் நியாயமல்ல. கேட்கப்பட்ட இடத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர்கள் பதில் சொன்னார்கள். சிலர் 'ஓம்' என்று, சிலர் 'இல்லை' என்று. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் அடங்கப்போகிறவர்கள் என்பதே நம் உரிமைக்குப் போதும். அவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது ஒரு துஆவும், உள்ளது உள்ளபடி எழுதிய ஒரு வரலாறும்தான்.