அரிக்கமேடு யாருடைய ஊர்?

மண்ணுக்குள் கிடைக்கும் ஒரு பொருள் காலத்தைச் சொல்லலாம்; அது கிடைத்த ஊர் யாருடையது என்பதை அது மட்டுமே சொல்லிவிடாது. தொல்லியலும் மானிடவியலும் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் பழக வேண்டிய வேறுபாடு இது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேடு இதற்குத் தெளிவான சான்று. 1945இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, இத்தாலியச் செய்நேர்த்தியுள்ள சிவப்புப் பூச்சு அரிட்டைன் ஓடுகளும், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து மது வந்த ஆம்போரா ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. அரிட்டைன் கலங்கள் புழங்கிய காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே கணிக்கப்பட்டிருந்தது. எனவே அதே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்க் கலங்களுக்கும் அவரால் காலம் குறிக்க முடிந்தது. 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரி, சந்திரவள்ளி அகழாய்வுகளுக்கும் இந்தக் கணிப்பே கைகொடுத்தது.

ஆனால் வீலர் காலத்தோடு நிற்கவில்லை. அரிக்கமேட்டை இந்திய-ரோமானிய வணிகத் தலம் என்று தம் அறிக்கையின் தலைப்பிலேயே அறிவித்தார். எளிய மீனவர் குடியிருப்பு மேலைக் கடல் வணிகத்தால் ஊராக எழுந்தது என்பது அவர் தீட்டிய சித்திரம். அந்தச் சித்திரத்தை மண்ணே திருத்தியது. 1947 முதல் 1950 வரை அகழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழான் மரி கசால், அரிட்டைன் ஓடுகளுக்கு முற்பட்ட வாழ்விட அடுக்குகளைக் கண்டார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் செய்த ஆய்வு, அவ்வூரின் வாழ்வு வீலர் வரைந்த எல்லைக்கு முன்னும் பின்னும் நீண்டதைக் காட்டியது. மேலைத் தொடர்புக்கு அடையாளமாக வீலர் கருதிய, சிறு உருளையால் வரிகள் பொறித்த ரூலெட்டட் கலங்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்பதைப் பிற்காலக் களிமண் பகுப்பாய்வு உணர்த்தியது. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், கண்ணாடியிலும் கல்லிலும் மணி செய்த தொழிலின் எச்சங்களும் அங்கு உழைத்தவர்களை நம்முன் நிறுத்துகின்றன.

அரிட்டைன் ஓடு இல்லாவிட்டால் தென்னிந்தியத் தொல்லியலுக்குக் காலப் பிடிமானமே இருந்திராதே என்று கேட்கலாம். உண்மை, அந்தப் பெருமை வீலருக்கு உரியது. ஆயினும் காலத்தை அளக்கும் சான்று வேறு, வாழ்ந்தவர்களைச் சுட்டும் சான்று வேறு. ரோமானியரை அகற்றித் தமிழரை அமர்த்துவது வெறும் இனப்பெருமை அல்லவா என்றும் கேட்கலாம். ரோமானியத் தொடர்பை யாரும் மறுக்கவில்லை. ஜாடிகள் கடல் கடந்தே வந்தன. ஆனால் வந்து இறங்கிய சரக்கை வைத்து மட்டும் ஓர் ஊரின் வரலாற்றை எழுதினால், சரக்கை வாங்கியவரும் மாற்றுப்பண்டம் செய்தவரும் மறைந்துபோவர். எது எப்போது வந்தது என்பதை மண்ணடுக்கு சொல்லும். அதை யார், எதற்குப் புழங்கினர் என்று கேட்பது மானிடவியல். முதல் கேள்வியின் விடையை இரண்டாவதற்கும் விடையாக்கியதே அரிக்கமேட்டில் நேர்ந்த பிழை. இரண்டையும் தனித்தனியே கேட்டுப் பின் இணைக்கக் கற்பதே இவ்விரு துறைகளுக்கும் அடிப்படைப் பாடம்.